நீல் தீவு: இரண்டு இரவு தங்கினால்தான் சரிப்படும்

அந்தமான் பேக்கேஜ் போடுகிறவர்கள் நீல் தீவுக்குப் பெரும்பாலும் நான்கு மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள். காலையில் பக்கத்து ஹேவ்லாக் தீவிலிருந்து கப்பல், இறங்கியதும் ஒரு வண்டி, மூன்று கடற்கரை, மதியச் சாப்பாடு, சாயங்காலக் கப்பலில் போர்ட் பிளேர். இப்படிப் போய்வந்தவர்கள், "அங்கே பெருசா ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நீலில் எதை எப்போது பார்க்கலாம் என்பதைக் கடல் ஏறுவதும் இறங்குவதும்தான் முடிவு செய்கிறது, வண்டிக்காரரோ பேக்கேஜ் அட்டவணையோ அல்ல. அந்த நான்கு மணி நேரத்தில் தண்ணீர் தவறான நிலையில் இருந்தால், மூன்று இடத்திலும் ஏமாற்றம்தான். குறைந்தது இரண்டு இரவு தங்குகிறவர்களுக்கு, அந்தமானில் ஓய்வுக்கென்று இதைவிடப் பொருத்தமான தீவு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

முதலில் பெயர். 2018 டிசம்பரில் நீல் தீவு ஷஹீத் த்வீப் என்றும், ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் என்றும் மாற்றப்பட்டன. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட் தளங்களிலும் விடுதிப் பட்டியல்களிலும் இரண்டு பெயர்களும் கலந்து கிடக்கின்றன. ஒரு பெயரில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பெயரிலும் தேடிப் பாருங்கள். ஊரில் பேச்சு வழக்கில் இன்னும் நீல்தான்.

தீவு சின்னது, பெரும்பகுதி சமதரை. கப்பல் துறையிலிருந்து மேற்கே லக்ஷ்மண்பூர் கடற்கரை சுமார் இரண்டு கிலோமீட்டர், கிழக்குக் கோடியில் சீதாபூர் சுமார் ஐந்து கிலோமீட்டர். பரத்பூர் கடற்கரை துறையை ஒட்டியே இருக்கிறது, நடந்தே போய்விடலாம். இன்னொரு பக்கம் ராம்நகர். நடுவில் நீல் கேந்திரா என்கிற சின்னக் கடைத்தெரு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் ஊரில் அதிகம். காய்கறி, வாழை, பாக்கு, தென்னை எல்லாம் இங்கே விளைந்து மற்றத் தீவுகளுக்குப் போகின்றன. கடற்கரைக்குக் கடற்கரை போகும் பாதை நெடுக வயலும் தோப்பும் வருவதால், சைக்கிள் ஓட்ட இதைவிட நல்ல தீவு அந்தப் பக்கம் இல்லை. ஸ்கூட்டர் வாடகை நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கேட்பார்கள், சைக்கிள் அதில் பாதிகூட ஆகாது. ஸ்கூட்டர் எடுத்தால் பிரேக், ஹார்ன், பெட்ரோல் அளவு மூன்றையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கிற கீறல்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டால் திருப்பித் தரும்போது வாக்குவாதம் வராது.

இனி கடலின் ஏற்ற இறக்கம். ஒரு நாளில் தண்ணீர் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அதற்கு அடுத்த ஓரிரு நாட்களிலும் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் வித்தியாசம் அதிகம், சுமார் இரண்டு மீட்டர் வரை போகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறைவு. வீட்டு நாள்காட்டியில் திதியைப் பார்த்துத் தேதி குறிக்கலாம் என்றால், நீல் தீவுக்கு அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாட்கள்தான் நல்லது. பாறைக் குட்டைகள் முழுசாக வெளியே வருவது அப்போதுதான். மணிக்கணக்குக்கு, போர்ட் பிளேருக்கான ஏற்ற இறக்க அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது, நீலுக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். விடுதியில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இரண்டு இறக்கங்களுக்கு நடுவே சுமார் பன்னிரண்டரை மணி நேரம். ஆகவே முழுசாக ஒரு பகல் தீவில் இருந்தால், வெளிச்சத்தில் ஒரு இறக்கம் அநேகமாக நிச்சயம். நான்கு மணி நேரப் பயணத்தில் அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இது எங்கே முக்கியமாகிறது என்றால், இயற்கைப் பாலத்தில். லக்ஷ்மண்பூர் இரண்டாம் கடற்கரையில், கடல் அரித்து உண்டாக்கிய பாறை வளைவு அது. வங்காளிகள் ஹௌரா பிரிட்ஜ் என்கிறார்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்து, பிறகு பாசி பிடித்த பாறைகள் மேல் போக வேண்டும். தண்ணீர் ஏறியிருந்தால் அந்தப் பாறைத் தளம் மூழ்கிக் கிடக்கும், பாலத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அட்டவணையில் இறக்கத்துக்கு என்ன நேரம் போட்டிருக்கிறதோ, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேருங்கள். தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்ததும் கிளம்பிவிடுங்கள்.

ஆனால் அங்கே பார்க்க வேண்டியது பாலத்தை விடக் காலடியில் இருக்கிறது. தண்ணீர் வடிந்த பாறைத் தளத்தில் அண்டா அளவு, தாம்பாள அளவுக் குட்டைகள் விட்டுவிட்டு நிற்கும். ஒரு குட்டையின் ஓரத்தில் அசையாமல் ஐந்து நிமிடம் குந்தி உட்கார்ந்தால் போதும். முதலில் கறுப்பாகக் கிடக்கும் கடல் வெள்ளரி தெரியும். பிறகு பாறை இடுக்கிலிருந்து நூல் போல மெல்லிய கைகளை நீட்டும் நொறுங்கு நட்சத்திரம் (நட்சத்திர மீனின் உறவு). பாறையில் பதிந்த பெருஞ்சிப்பி வாயைத் திறந்திருக்கும். அதன் உதட்டுச் சதை நீலமும் பச்சையுமாகப் பளபளக்கும், நம் நிழல் பட்ட கணம் மூடிக்கொள்ளும். உள்ளூர் ஆட்கள் சிறு தொகைக்கு உடன் வந்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். வைத்துக்கொள்வது மதிப்பு, கண்ணுக்குப் பழகாதவருக்குப் பாதி உயிர்கள் பாறையாகத்தான் தெரியும். எதையும் கையில் எடுத்துத் தரச் சொல்லாதீர்கள், அவர்களே எடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. ஹவாய் செருப்பு இந்தப் பாசியில் நிற்காது, வழுக்கும், வார் அறும். பின்பக்கம் பட்டை வைத்த ரப்பர் செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ போதும். பவளக் கல் கிழித்த காயம் சின்னதாகத் தெரிந்தாலும் ஆற நாளாகும், துகள் உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மருந்து போட்டு, மறுபடி கடலில் நனைக்காமல் வைத்திருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைப் பாறைத் தளத்துக்குக் கூட்டிப்போக வேண்டாம். கரையிலேயே நிழலில் உட்கார வைத்துவிட்டுப் போவது நல்லது.

பரத்பூரில் கணக்கு அப்படியே தலைகீழ். அங்கே கரையை ஒட்டி வெகுதூரம் ஆழமே இல்லை. தண்ணீர் இறங்கிய நேரத்தில் போனால் முழங்கால் தண்ணீர், செத்த பவளம், தரை தட்டி நிற்கும் படகுகள் இவைதான் கண்ணில் படும். கண்ணாடி அடிப் படகும், மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து பார்க்கும் ஸ்நார்கெலிங்கும் தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில்தான் சரிப்படும். குழந்தைகள் குளிக்க, தீவிலேயே பாதுகாப்பான இடம் இதுதான், அலை குறைவு, மணல் இதமானது. குறை என்னவென்றால் சத்தம். ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு எல்லாம் இங்கேதான் ஓடுகின்றன. பத்து மணிக்கு மேல் பகல் பயணிகள் கூட்டம் இறங்கிவிடும். காலை ஏழு, எட்டு மணிக்குத் தண்ணீர் ஏறியிருக்கும் நாளாக அமைந்தால், அதே பரத்பூர் வேறு கடற்கரையாக இருக்கும்.

பவளப் பாறைகளைப் பற்றி எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ள வேண்டும். 2010இல் அந்தமான் கடல் சூடாகி, பவளங்கள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. கரையோரத்து ஆழமில்லாத பகுதிகளுக்குத்தான் அடி அதிகம். விளம்பரப் படங்களில் வரும் வண்ணத்தைப் பரத்பூரின் இடுப்பளவுத் தண்ணீரில் தேடாதீர்கள். மீன்கள் நிறையவே உண்டு. கிளிமீன், வண்ணத்துப்பூச்சி மீன், கோமாளி மீன் எல்லாம் தெரியும். உயிருள்ள பவளம் வேண்டுமென்றால் படகில் சற்று வெளியே போக வேண்டும், அல்லது காற்று உருளையோடு ஆழத்தில் ஸ்கூபா இறங்க வேண்டும்.

ஸ்நார்கெலிங்கில் பாதிப் பேருக்கு மனக்கசப்பு வருவது மாஸ்க்கால். மாஸ்க்கைப் பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால்தான் அளவு சரி. மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டு வழியாகத் தண்ணீர் கசியும். பட்டையை இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. மீசை மேல் கொஞ்சம் வாசலின் தடவினால் நின்றுவிடும். முடி ஒரு இழைகூட மாஸ்க் விளிம்புக்கு அடியில் மாட்டக் கூடாது. கண்ணாடி மங்கினால் உள்பக்கம் எச்சில் தடவி ஒருமுறை அலசுவது எல்லா டைவர்களும் செய்வதுதான். காலை ஊன்றி நிற்காதீர்கள், மிதித்தால் பவளம் ஒடிவதோடு உங்கள் காலும் கிழியும். முதுகுக்குச் சன்ஸ்கிரீனை விட முழுக்கை டிசர்ட் நல்லது. குப்புற மிதந்து ஒரு மணி நேரம் கழித்து எழுந்தால் பிடரியும் கெண்டைக்காலும் வெந்திருக்கும்.

நீலில் ஸ்கூபா சொல்லித்தரும் மையங்களும் உண்டு. நீச்சல் தெரியாதவர்களுக்கான அறிமுக டைவில் பயிற்றுநர் கூடவே பிடித்துக்கொண்டு இறங்குவார், அதிகபட்ச ஆழம் பன்னிரண்டு மீட்டர், வயது பத்துக்கு மேல் இருக்க வேண்டும். உடல்நிலைப் படிவத்தில் ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சளி பிடித்திருந்தால் இறங்கவே வேண்டாம், காதில் அழுத்தம் சமனாகாமல் வலி பிடுங்கும். ஆட்கள் எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர் என்று கேட்டு, ஒருவருக்கு ஒருவர் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். டைவ் முடிந்து பதினெட்டு மணி நேரத்துக்குள் விமானம் ஏறாதபடி நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லக்ஷ்மண்பூர் முதல் கடற்கரை சூரியன் மறைவதற்கு. நீளமான வெள்ளை மணல், கூட்டம் பரவி நிற்பதால் நெரிசல் தெரியாது. நேரத்தில்தான் நம்மவர்கள் தவறவிடுகிறார்கள். கடிகாரம் இந்திய நேரம், தீவோ சென்னையை விட நன்றாகக் கிழக்கே இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். நாலரைக்குள் மணலில் இருக்க வேண்டும். ஐந்தே முக்காலுக்குக் கும்மிருட்டு. பாதையில் விளக்கு கிடையாது, டார்ச் வேண்டும். இங்கே இறங்கிக் குளிப்பது பெரும்பாலும் சுகமில்லை, தண்ணீர் விளிம்பில் பவளக் கற்கள்.

சீதாபூர் சூரிய உதயத்துக்கு. ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். திறந்த கடல், இழுவை இருக்கும், குளிக்க வேண்டாம். ராம்நகருக்குக் கூட்டமே வராது. புத்தகமும் துண்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நீல் தீவின் மிக நல்ல மத்தியானம் அங்கேதான். கழிமுகம், அலையாத்திக் காடு பக்கம் மட்டும் எங்கேயும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் அதை மதித்தே ஆக வேண்டும். மணல் ஈக்கள் இன்னொரு தொல்லை. கடித்த உடனே தெரியாது, மறுநாள் ஆரம்பித்து ஒரு வாரம் அரிக்கும். வெறும் மணலில் படுக்காமல் விரிப்பு போடுவதும், முழங்காலுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவுவதும் ஓரளவு காக்கும்.

போக்குவரத்துக்கு இரண்டு வழி. தனியார் அதிவேகக் கப்பல்கள் போர்ட் பிளேரிலிருந்து ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் சேர்த்துவிடும். டிக்கெட் வகுப்பைப் பொறுத்து ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து ஆரம்பிக்கும். ஏசி, மூடிய அறை, சன்னல் வழியாகத்தான் கடல். அரசுக் கப்பல் சுமார் இரண்டு மணி நேரம், கட்டணம் சில நூறு ரூபாய், மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கலாம். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்பதால் சீசனில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். அழகு பார்க்க அரசுக் கப்பல், நிச்சயத்துக்குத் தனியார் கப்பல். டிக்கெட்டில் இருக்கும் அதே அடையாள அட்டையை அசலாக எடுத்துப் போங்கள், முக்கால் மணி நேரம் முன்னதாகத் துறையில் இருங்கள். போர்ட் பிளேரில் அரசுக் கப்பல் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்தும் தனியார் கப்பல்கள் ஹாடோ துறையிலிருந்தும் கிளம்புவதால், எந்தத் துறை என்று டிக்கெட்டில் பார்த்து ஆட்டோக்காரரிடம் சொல்லுங்கள். குமட்டல் வருகிறவர்கள் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம் ஆட்டம் குறைவு. வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், போனைப் பார்த்துக்கொண்டே போகாதீர்கள்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. மே நடுவில் பருவமழை இறங்கிவிடும். நவம்பர், டிசம்பரில் வெயில் நன்றாகவே இருந்தாலும் வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பல்கள் நின்றுவிடும். 2016 டிசம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் ஹேவ்லாக், நீல் தீவுகளில் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. துர்கா பூஜை விடுமுறையில் கொல்கத்தாக் கூட்டமும், கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை எல்லா ஊர்க் கூட்டமும் வரும். அறை வாடகை அப்போது எகிறும். பொங்கல் முடிந்த வாரத்திலிருந்து மார்ச் வரை போனால் விலையும் கடலும் இரண்டுமே ஒத்துழைக்கும்.

தங்குமிடத்தைப் படத்தைப் பார்த்து எடுக்காமல் வரைபடத்தைப் பார்த்து எடுங்கள். லக்ஷ்மண்பூர் பக்கம் அமைதி, மாலைக்கு நடந்து போகலாம். கடைத்தெருப் பக்கம் சாப்பாடும் துறையும் கிட்டே, வாடகை குறைவு. சீதாபூர் பக்கம் ரொம்ப ஒதுக்குப்புறம், இருட்டிய பிறகு வெளியே சாப்பிடப் போக வண்டி வேண்டும். "கடற்கரை விடுதி" என்று போட்டிருந்தால், அந்தக் கரையில் குளிக்க முடியுமா, இறக்கத்தில் கல்லா மணலா என்று போன் போட்டே கேளுங்கள். மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் ஃபேனும் மட்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். கப்பல் மதியத்துக்கு மேல் என்றால், பையை வைத்துக் குளித்து உடை மாற்ற ஓர் இடம் தருவார்களா என்று முன்கூட்டியே பேசி வைப்பது அவசியம்.

சாப்பாட்டில் மீன் பிரமாதம். வஞ்சிரம், சூரை, சங்கரா அன்றன்று வந்தது கிடைக்கும். நீல் கேந்திராவின் சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் சோறு, பருப்பு, உள்ளூர்க் காய், மீன் குழம்பு என்று வங்காளிச் சாப்பாடு மலிவாகவும் சூடாகவும் இருக்கும், ரிசார்ட் உணவை விட இதுவே மேல். கடுகெண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சைவர்களுக்கு, அதே கடையில் அதே வாணலியில்தான் மீனும் பொரியும் என்பதால், தனியாகச் செய்து தரும் இடத்தை விசாரித்துப் போக வேண்டும். முழு மீன் தந்தூரி கேட்டால் சுட்டுத் தர ஒரு மணி நேரம் ஆகும், கடலுக்குப் போகும்போதே சொல்லிவிட்டுப் போங்கள், எடையையும் விலையையும் பேசிக்கொண்டு. போர்ட் பிளேரில் தமிழிலேயே காலம் தள்ளலாம், நீலில் வங்காளமும் இந்தியும்தான்.

சென்னையிலிருந்து வரும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேறியிருக்கிறது. ஆனாலும் கடற்கரைகளில் சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், போன் வழிப் பணம் செலுத்துவது நடு வழியில் நின்றுபோகும். இரண்டு நாளுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தீவில் ஆரம்ப சுகாதார நிலையம்தான், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் கையில் இருக்கட்டும். இந்தியர்களுக்கு நீல் போக அனுமதிச் சீட்டு தேவையில்லை. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர்கள் உடன் வந்தால் அவர்கள் விமான நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டு கை நிறையக் கிடைக்கும், குழந்தைகள் பையில் போட்டுக்கொள்வார்கள். செத்த பவளமாக இருந்தாலும் எடுத்துச் செல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். விமான நிலைய ஸ்கேனரில் தெளிவாகத் தெரியும், பெட்டியைத் திறக்க வைப்பார்கள். கிளம்பும் முன் குழந்தைகளின் பைகளைக் கொட்டிப் பார்த்து, கிடைத்ததைக் கரையிலேயே போட்டுவிடுங்கள்.

அலையில் குதித்துக் குளிப்பதுதான் விடுமுறை என்று நினைக்கிறவர்களுக்கு நீல் ஒத்துவராது. அவர்களுக்கு ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைதான். இரண்டுக்கும் நேரம் இருந்தால் முதலில் ஹேவ்லாக், பிறகு நீல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அலைச்சலை முன்னே முடித்துவிட்டு ஓய்வைப் பின்னே வைத்ததுபோல் ஆகும். நீலிலிருந்து நேராக விமானத்துக்குப் போகும்படி மட்டும் திட்டம் போட வேண்டாம். கப்பல் ஒன்று ரத்தானால் விமான டிக்கெட்டும் போய்விடும். கடைசி இரவு போர்ட் பிளேரில், நீல் கப்பல் அதற்கு முந்தைய பகலில். அந்த ஓர் இரவு அறை வாடகை விமான டிக்கெட்டுக்கான காப்பீடு.